பெட்டியில்லாமல் ஊர் திரும்பினேன்

சகோதரிகளே, மீட்கப்பட்ட பிறகும் வீட்டுக்குப் போக நான் பயந்தேன். அதை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

கணினி டிப்ளோமா முடித்த கையோடு, தாய்லாந்தில் அலுவலக வேலை என்ற விளம்பரத்தை நம்பி இலங்கையின் சாய்ந்தமருதிலிருந்து போனேன். என்னையும் என்னைப் போல் நம்பி வந்தவர்களையும் எல்லைக்கு அப்பால் கடத்தி, கடவுச்சீட்டைப் பறித்தார்கள். பொய்ப் பெயரில் இணையத்தில் கதைத்து முன்பின் தெரியாதவர்களை ஏமாற்றுவதுதான் வேலை. மறுத்தால் அடி. சாப்பாடு இல்லை. ஏமாற்றினேன்.

மீட்கப்பட்டுக் காப்பகத்தில் இருந்தபோது, மொழிபெயர்க்க வந்த மலேசியத் தமிழ் அக்கா சொன்னார்: "ஊருக்குப் போறதா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்மா. யாரும் தள்ள மாட்டாங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அன்றே அயலவர் கூடுவார்கள். பெட்டி திறபடும். சவர்க்காரம், சென்ட், பால்மா எல்லாம் பங்கு போகும். என்னிடம் இருந்தது காப்பகத்தில் தந்த ஒரு மாற்றுடுப்பு. அன்றிரவு தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து, ஸுஜூதில் அழுதேன்: "யா றப்பே, உம்மாவை எனக்குக் காட்டு. ஊருக்கு என்னைக் காட்டாதே."

அடுத்த நாள் அக்கா, வீட்டில் யாரிடம், எவ்வளவு சொல்லலாம் என்று கேட்டார். உம்மாவிடம் மட்டும், எல்லாவற்றையும் என்றேன். அக்காவே உம்மாவை அழைத்துச் சொன்னார். பிறகு தொலைபேசி என் கைக்கு வந்தது.

"நீ வா மகள்."

உம்மா சொன்னது அவ்வளவுதான். போகிறேன் என்று அன்றே முடிவைச் சொன்னேன். தற்காலிகப் பயணப் பத்திரத்தையும் டிக்கெட்டையும் காப்பகத்தாரே ஒழுங்கு செய்தார்கள்.

எங்கள் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. திரும்பி ஓடத் தோன்றியது. பக்கத்து வீட்டு மாமி சட்டியோடு முன்னால் வந்தார்.

"எங்க புள்ள பெட்டி?"

"இல்ல மாமி."

"நல்லம். போன முறை ஒருத்தி தந்த சென்டுக்கு எனக்கு ஒரே தும்மல். வாயத் திற."

சட்டியிலிருந்த இனிப்பு வட்டிலப்பத்தை ஊட்டிவிட்டார். பெட்டி வராது, பிள்ளை மட்டும்தான் வருகிறாள் என்று உம்மா வீடுவீடாகச் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் எல்லோரும் ஏதோ கொண்டுவந்திருந்தார்கள்.

ஸுஜூதில் நான் கேட்ட துஆவில், அந்தப் பிரார்த்தனையில், பாதியைத்தான் அல்லாஹ் தந்தான். மற்றப் பாதியை மறுத்ததும் அவனுடைய றஹ்மத், அவனுடைய கருணை.

வெட்கம் போய்விடவில்லை. என் பேச்சை நம்பி இழந்தவர்களுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். அக்கா இப்போதும் சிலவேளை காப்பகத்திலிருந்து அழைப்பார். முடிவெடுக்க முடியாத பிள்ளை ஒருத்தி மறுமுனையில் இருப்பாள். போ என்றோ இரு என்றோ நான் சொல்வதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்வேன். வெட்கத்தோடேயே அல்லாஹ்விடம் கேள் என்பேன்.

சகோதரிகளே, உங்கள் தெரு ஒழுங்கைக்கும் ஒருத்தி வெறுங்கையோடு வரக்கூடும். அவள் கேட்ட துஆவின் பதில் நீங்களாக இருக்கலாம்.