மடியை நனைத்துத் தப்பித்த மகன்

என் மகன் பிறந்த ஏழாம் நாள், தலைமுடி எடுக்கும் அகீகா. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீடு கொள்ளாத விருந்தாளிகள். "என் புள்ளைக்கு நான்தான் எடுப்பேன்" என்று என் கணவர் ஒரே பிடிவாதம். காலையிலேயே டிரிம்மரின் பிளேடுகளைக் கழற்றி, பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டி வைத்திருந்தார்.

குழந்தையை மடியில் வாங்கி, டிரிம்மரை ஆன் செய்து தலைக்குக் கொண்டுபோனார். சரியாக அந்த நேரம் பார்த்து, கைலி முழுக்க நனையும்படி ஒன்றுக்குப் போய்விட்டான்! ஹாலில் ஒரே சிரிப்பு.

"போய் மாத்திட்டு வாங்க மச்சான்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டேன். உள்ளே போனவர், கண்ணாடியைப் பார்த்ததும் தாடியைக் கொஞ்சம் ஒதுக்கலாம் என்று கையிலிருந்த டிரிம்மரைக் கன்னத்தில் வைத்திருக்கிறார். "யா அல்லாஹ்!" என்று ஓர் அலறல். கன்னத்தில் ரத்தக் கோடு!

டிரிம்மரை வாங்கிப் பார்த்தேன். மாட்டும்போது பிசகியதில், ஓடும் பிளேடின் பற்கள் அடிப் பிளேடைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இது புள்ளை தலையில பட்டிருந்தா?" என்றேன்.

இப்போதெல்லாம் பிளேடை மாட்டியதும், ஓடும் பற்கள் சற்று உள்ளடங்கி இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். பிறகு முதல் ஓட்டம் கணவரின் கை முடியில்தான். மகனுக்குத் தலை நிறைய முடி. அவருடைய இடது கைதான் மொட்டை!