எனக்கு மட்டும் தெரியாத என் நோய்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை. கடையில் ஒரு மீனவருக்கு நைலோன் கயிறு அளந்து கொடுத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். கையில் ஃபைல். என் பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்றார்.

"ஓம்."

"நான் பிஎச்ஐ. மருந்து தொடங்கிட்டீங்களா?"

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றால் நுளம்பு பெருகுகிறதா என்று பார்க்க வருவார், தண்ணீர்த் தாங்கியைத் திறந்து பார்ப்பார். என் மருந்தைப் பற்றி அவருக்கு என்ன?

"என்ன மருந்து சேர்?"

அவர் ஃபைலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய், பையிலிருந்து மாஸ்க் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"ஒங்களுக்கு ஆஸ்பத்திரில ஒண்டும் சொல்லல்லையா?"

இல்லை. எனக்குக் காசநோய் என்று, என் சொந்தக் கடை வாசலில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் கையிலிருந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது விளங்காது. ஆனால் திகதி எண்ணில்தானே இருக்கிறது? என் சளியில் கிருமி இருக்கிறது என்று அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடம் எழுதிய திகதி. விரல் விட்டு எண்ணினேன். பத்தொன்பது நாள்.

பத்தொன்பது நாளாக அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டப்படி சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய படிவத்தைப் பதினெட்டாம் நாள் நிரப்பி அனுப்பியும் இருக்கிறார்கள். அலுவலகத்துக்குச் சொன்னார்கள். நோயாளிக்கு...?

என் இருமலைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியிருந்தேன், நினைவிருக்கும். இஞ்சி, தேன், ஆடாதோடை என்று எத்தனை பேர் வைத்தியம் சொல்லி எழுதினீர்கள்... எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் சளியைப் பரிசோதிக்கக் கொடுத்தேன். முடிவு கேட்டு இரண்டு தடவை போனேன். டொக்டர் லீவு, அவர் வந்துதான் சொல்லுவார் என்றார்கள். இரண்டாம் தடவை, கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கூச்சத்தோடு கேட்டேன்.

"ஏதும் பிரச்சினையா மகள்?"

"அப்படிப் பெரிசா இரிக்காது. இரிந்தா போன்ல கோல் எடுப்பாங்கதானே."

அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் குரலை உயர்த்தத் தெரியாதவன் நான். சரிதான் என்று திரும்பி வந்துவிட்டேன்.

அந்தப் பதிலை நம்பி நான் என்ன செய்தேன் தெரியுமா?

அதற்கு அடுத்த நாள் என் தங்கையின் மகள் நுஸ்ரா பிரசவம் முடிந்து குழந்தையோடு தன் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. தலைப்பிள்ளை. எங்கள் ஊரில், பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டும். வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு, இடது காதில் தொழுகை தொடங்குமுன் சொல்லும் இகாமத். பெரும்பாலும் தகப்பன் சொல்வார், அல்லது பெரியவர் ஒருவர். குழந்தையின் தகப்பன் கட்டாரில் வேலை. பாட்டன் மௌத்தாகி நாலு வருடம். பள்ளிவாசல் இமாமைக் கூப்பிடுங்கள் என்றேன். நுஸ்ரா விடவில்லை.

"மாமா, நீங்கதான் சொல்லணும்."

"எனக்குக் கூச்சமா இரிக்கி மகள். குரலும் சரியில்ல."

"காதுக்குள்ளதானே சொல்லப் போறீங்க? ஊருக்கா கேக்கப் போகுது?"

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சின்னக் காதின் பக்கத்தில் வாயை வைத்து, மெதுவாக, முழுப் பாங்கும் சொன்னேன். நடுவில் இருமல் வந்தது. முகத்தைத் திருப்பி இருமிவிட்டு மறுபடியும் குனிந்தேன். பிறகு, வழக்கப்படி, பேரீச்சம்பழத்தை மென்று, அதை விரல் நுனியில் எடுத்துக் குழந்தையின் வாயில் தடவினேன். என் வாழ்க்கையில் என்னை முன்னால் நிறுத்திச் செய்யச் சொன்ன காரியங்கள் குறைவு. இது ஒன்று. அதற்குப் பிறகும் மூன்று நான்கு நாள் போய்த் தூக்கி வைத்திருந்தேன்.

நான் பாங்கு சொன்ன அன்று ஆய்வுகூடத் தாளுக்கு வயது ஏழு நாள்.

அந்தப் புதன்கிழமை பிஎச்ஐ என்னைக் கடையிலிருந்து அப்படியே நெஞ்சுநோய்க் கிளினிக்குக்கு அனுப்பினார். அன்றே மாத்திரை தொடங்கியது. போகுமுன் அவர் ஒரு தாளை விரித்து, "ஆராரோட நெருங்கிப் பழகினீங்க? ஒராளையும் விடாமச் சொல்லுங்க" என்றார். மனைவியைச் சொன்னேன். மகனைச் சொன்னேன்.

"வேற ஆரும்?"

"இல்ல சேர்."

ஆம். அப்படித்தான் சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? நுஸ்ராவின் தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிஎச்ஐயின் மோட்டார் சைக்கிள் ஒரு வீட்டு வாசலில் நின்றால், மாலைக்குள் எங்கள் தெரு முழுக்கக் கதை. குழந்தைக்கு ஒன்றும் இல்லை, பால் குடிக்கிறான், தூங்குகிறான்... நாளைக்கு நானே மெதுவாகச் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை போனது. சொல்லவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரி மேல் கோபம் மட்டும் குறையவே இல்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரத்தில், சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கப் போனேன். அந்த நேரம் எங்கள் பக்கம் கடைகள் பூட்டியிருக்கும், தெருவில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் வசதி. கரையோரத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர். தகப்பனார் மீன்பிடிக்காரர், என் கடையில் வலை வாங்குகிறவர். போனிலேயே நோயைச் சொல்லியிருந்தேன். விறாந்தையில், காற்றுப் படும் இடத்தில் கதிரை போட்டு வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டார். எழுதிக்கொண்டார். பிறகு, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் 'நானா' என்று கூப்பிட்டு, எனக்கும் விளங்கும்படி சொன்னார்.

"முதல் வேலை, நானா, ஒங்கட ஃபைல்ட கொப்பியை எழுத்தில கேளுங்க. ரிப்போர்ட் எத்தினையாம் திகதி வந்த, ஆர் பாத்த, ஏன் அறிவிக்கல்ல எண்டு. பதிவுத் தபால்ல போடுங்க, தபால் கந்தோர்ல தாற துண்டைத் துலைச்சிராதீங்க. ரெண்டு தடவை போனீங்கதானே, அந்த நாள் நேரத்தையும் இப்பவே எழுதி வைங்க."

"மறுகா?"

"தனியார் ஆஸ்பத்திரிகளக் கண்காணிக்கிற சபைக்கு முறைப்பாடு. டொக்டர்ட கவனயீனத்துக்கு மருத்துவ சபைக்கு வேற முறைப்பாடு. மாவட்ட நீதிமன்றத்தில நட்டஈட்டு வழக்கும் போடலாம், அதுக்கு ரெண்டு வருசம் வரைக்கும் தவணை இருக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியெண்டா அடிப்படை உரிமை வழக்குக்கும் இடம் இருக்கு, ஆனா அதுக்கு ஒரு மாசம்தான்."

"வழக்கு வெல்லுமா?"

"அவங்களுக்குத் தெரியும் எண்டதுக்கு அந்தப் படிவமே சாட்சி. ஆனா நட்டத்தைக் காட்டணும் நானா. பத்தொம்பது நாள் பிந்தினதால ஆருக்கு என்ன நடந்த?"

வாயை அடக்க முடியவில்லை. பாங்கு சொன்ன கதையைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"குழந்தை இப்ப எங்க?"

"வீட்ட."

"தாய்க்கு எப்ப சொன்னீங்க?"

விறாந்தைக்கு வெளியே ஒரு முச்சக்கர வண்டி போனது. நான் அதைப் பார்த்தேன்.

"நானா. எப்ப சொன்னீங்க?"

"இன்னும் இல்ல."

"புதன்கிழமையில இருந்து ஒங்களுக்குத் தெரியும்." அவர் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் மோசம். "ஆஸ்பத்திரிய என்ன கேள்வி கேக்கப் போறமோ, அதே கேள்விதான் இதுவும். எழும்புங்க. வழக்கு எங்கயும் ஓடிப் போகாது. குழந்தையப் பாருங்க."

எழும்பி, மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு சைக்கிளை எடுத்தேன். எவனோ ஒருவன் ரிப்போர்ட்டை மேசையில் போட்டுவிட்டு லீவில் போனான், கவுண்டரில் யாரோ 'நாளைக்குச் சொல்லலாம்' என்று இருந்தார்கள் — இவர்கள் எல்லாம் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற மனிதர்கள்தான்.

நுஸ்ராவின் வீட்டுக் கேற்றுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். ஜும்ஆ முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"என்ன மாமா மாஸ்க்கெல்லாம்? உள்ளுக்கு வாங்க. இந்தச் சின்னவர் மாமாட குரல் கேட்டா முழிக்கிறார்."

"வரல்ல மகள். அங்கயே நில்லு. எனக்குக் காசநோய். பிள்ளைய இப்பவே கிளினிக்குக்குக் கொண்டு போகணும்."

அவள் அழவில்லை. கத்தவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"இண்டைக்கு வெள்ளி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், முச்சக்கர வண்டியில் ஏறினாள். நான் பின்னால் சைக்கிளில் போனேன். கிளினிக் டொக்டரிடம் நானே சொன்னேன், விடுபட்ட பெயர்களை எல்லாம்.

"பேரீச்சம்பழத்தால இது தொத்துறதில்ல" என்றார் அவர். "கிட்ட நிண்டு மூச்சு விட்டதும் இருமினதும்தான் யோசிக்க வேண்டிய விசயம். இந்த நோய்க்கெண்டு பிறந்த உடனே போட்ட ஊசி இரிக்கி. ஆனா அத மட்டும் நம்பி இரிக்க ஏலா."

எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம். ஆனாலும் தடுப்பு மருந்து சில மாதங்களுக்குக் கொடுக்க வேண்டும், அடிக்கடி எடை நிறுத்துப் பார்க்க வேண்டும், பிறகு நோய் தொற்றியிருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. அந்தப் பரிசோதனை வரைக்கும் எங்களில் யாருக்கும் சரியான தூக்கம் வரப்போவதில்லை.

இங்கேதான் சட்டம் எனக்கு இன்னொரு அதிர்ச்சி கொடுத்தது. பிள்ளைக்கு நோய் வந்தால் வழக்கு பலம். வராவிட்டால் வழக்கு மெலிவு. அல்லாஹ்விடம் நான் எதைக் கேட்பது? வழக்கு மெலிந்தே போகட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இப்படி ஒரு வழக்காளி உலகத்தில் உண்டா?

ஆனால் முறைப்பாடு மெலியவில்லை. பாதிப்பு வந்தாலும் வராவிட்டாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லாதது பிழைதானே? எழுதி முடித்துவிட்டேன். தாய் என்ற முறையில் நுஸ்ராவும் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தை மகனிடம் கொடுத்தனுப்பினேன். கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ஒங்கட ரெண்டு நாளையும் போடுங்க மாமா.

போட்டேன். புதன் தெரிந்தது, வெள்ளி வரைக்கும் தாய்க்குச் சொல்லாமல் இருந்தது, பரிசோதகரிடம் மறைத்தது — மூன்றையும் ஒரே வரியில். அவள் கையெழுத்துப் போட்டாள். போன கிழமை பதிவுத் தபாலில் போய்விட்டது.

அந்த வரி நம் பக்கத்துக்குப் பாதகம், எடுத்துவிடுவோமா என்று தபாலில் போடுமுன் சட்டத்தரணி கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். அப்படி ஒரு வரியைத்தானே அந்த ஆஸ்பத்திரியிடம் நாங்கள் கேட்கிறோம்.