ஒரிஜினல் கைக்கு வந்த நாள்

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே என் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்தாவது மார்க் ஷீட், ஐ.டி.ஐ. ஃபிட்டர் சர்டிபிகேட், அப்ரண்டிஸ் முடித்தது. எல்லாம் ஒரிஜினல்.

அதற்கு முன் அம்பத்தூரில் ஒரு கம்பெனி டூல் ரூமில் இருந்தேன். அங்கே ஜெராக்ஸ் மட்டும்தான் கேட்டார்கள். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனியும், அதற்கு பார்ட்ஸ் போடும் கம்பெனிகளும் வந்துகொண்டிருந்த நேரம். என் வயதைப் பார்த்து யாரும் எடுக்கவில்லை. பென்னலூர் தாண்டி ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் வேலை இருக்கிறது என்றார்கள். போனேன்.

ஆபீஸ் மேனேஜர் பெயர் பாபு. பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

“ஒரிஜினல் எதுக்கு சார்?”

“சேஃப்டிக்குத்தான் மாஸ்டர். வூட்ல வெச்சா எலி கடிச்சிடும். இங்க இரும்பு லாக்கர் கீது.”

“திரும்ப எப்ப கெடைக்கும்?”

“இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள போறத பத்தி கேக்கறியே!”

அவர் சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பாடம் எடுக்கிற எல்லாருடைய ஒரிஜினலும் அந்த லாக்கரில்தான் இருந்தது. சாவி கரஸ்பாண்டண்ட்டிடம். அவர்தான் முதலாளி. முதலில் செங்கல் சூளை வைத்திருந்தார். பிறகு நிலம் வாங்கி விற்றார். பிறகு கல்லூரி கட்டினார். லெக்சரர்கள் செமஸ்டர் நடுவில் வேறு இடம் போய்விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அதனால் அங்கே யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள். ஒரு லேப் அசிஸ்டண்ட், கம்பெனியில் இன்டர்வியூ வந்திருக்கிறது என்று காண்டீனில் வாய்விட்டுச் சொன்னான். மறுநாள் காலையில் கரஸ்பாண்டண்ட் அவனைக் கூப்பிட்டு, “இன்டர்வியூ எப்படி கீது?” என்று கேட்டார். அவரிடம் போய்ச் சொன்னவன் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அதிலிருந்து டீ குடிக்கும்போது கிரிக்கெட் மட்டும்தான் பேசினோம்.

மெக்கானிக்கல் மேடம்

மகேஸ்வரி மேடம் கோவில்பட்டிப் பக்கம். பி.இ. மெக்கானிக்கல். படித்து முடித்த வருடமே இங்கே லெக்சரர் ஆனார். போன வருடம் தான் எழுதிய பேப்பரை இந்த வருடம் நடத்தினார். அவர் மட்டும் இல்லை, முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். டூல் ரூமில் நேற்றுக் கற்றுக்கொண்டவனை இன்றைக்குச் சொல்லிக்கொடுக்க விட மாட்டார்கள். இங்கே விட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருக்கும் படவில்லை.

ஒரு நாள் லேத் பக்கத்தில் நின்று தானாகவே சொன்னார்.

“பயலுவ கேள்வி கேக்கானுவ அண்ணே. பாதிக்கு பதில் தெரியல. நாளைக்குச் சொல்லுதேன்னு சொல்லிட்டு வாரேன். எத்தன நாளைக்கு நாளைக்குன்னு சொல்ல?”

எம்.இ. படிக்க வேண்டும், அதுவும் நல்ல இடத்தில், நன்றாகத் தெரிந்தவர்களிடம் படிக்க வேண்டும் என்று என்ட்ரன்ஸ் எழுதினார். நல்ல ரேங்க் வந்தது. சென்னையில் கவுன்சிலிங். ஒரிஜினல் காட்டினால்தான் சீட். காட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். இந்த ஒரு தடவை முயற்சி செய்துகொள், கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்துவிடு என்று அவர் அப்பா சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் அவர் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. என்னைச் சோதிக்க ஆபீஸ் அனுப்பியிருக்குமோ என்று நினைத்தேன். அப்படி நினைக்கிற இடம் அது.

அவர் கரஸ்பாண்டண்ட்டிடமே போய்க் கேட்டார். நான் அப்போது உடைந்த வைஸுக்குப் பதில் புதிது கேட்கும் இன்டென்ட்டில் கையெழுத்து வாங்க அந்த ரூமில் நின்றிருந்தேன்.

“எம்.இ.தான? நம்ம காலேஜ்லயே வரப்போவுது. கமிட்டி வர்ராங்க. எதுக்கு மெட்ராஸ் போற? இங்கியே படி. காலைல க்ளாஸ் எடு, சாயங்காலம் படி.”

“எங்களுக்கு யாரு சார் க்ளாஸ் எடுப்பாங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மெக்கானிக்கல்ல நீதானம்மா நல்லா எடுக்கிற.”

மேடம் வெளியே வந்து படியில் நின்றார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. “நானே எடுத்து நானே படிக்கணுமாம் அண்ணே. நானே மார்க்கும் போட்டுக்கிடலாம் போல.”

இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் ஒரிஜினல் தருவதாகப் பாபு சொன்னார். இன்ஸ்பெக்ஷனுக்கு மறுநாள்தான் கவுன்சிலிங். முடிந்ததும் என்றால் எப்போது என்று மேடம் கேட்டார். “முடிஞ்சதும்னா முடிஞ்சதும்தான்” என்றார் பாபு. தரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கமிட்டி

இன்ஸ்பெக்ஷன் என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. புதிதாக ஒரு கோர்ஸ் கேட்டால் கமிட்டி வந்து பார்க்கும். மெஷின் இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறார்களா என்று பார்க்கும்.

மெஷின், கரஸ்பாண்டண்ட்டின் இன்னொரு பாலிடெக்னிக்கில் இருந்து லாரியில் வந்தது. பெயின்ட் காயவில்லை. தொட வேண்டாம் என்று எனக்கு ஆர்டர்.

ஆசிரியர்கள் சென்னையில் இருந்து வேனில் வந்தார்கள். எம்.இ., பி.எச்டி. படித்தவர்கள். ரிடயர்ட் ஆனவர்கள். ரூம் கதவுகளில் அவர்கள் பெயர்ப் பலகையைக் காலையில்தான் அடித்தோம். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, “தம்பி, என் ரூம் எது?” என்று கேட்டார். காட்டினேன். “நல்லாருக்கு” என்றார்.

அன்றைக்கு மட்டும் லாக்கர் திறக்கும். கமிட்டி ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு ஒரிஜினலைப் பார்க்கும் என்பதால் காலையில் எங்கள் ஃபைலை எங்கள் கையில் கொடுப்பார்கள். செமினார் ஹாலுக்குள் போய்க் காட்ட வேண்டும். வெளியே வந்ததும் வராண்டாவில் பாபு ஒரு அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். போன இன்ஸ்பெக்ஷனிலும் அப்படித்தான்.

முதல் நாள் கரஸ்பாண்டண்ட் எல்லாரையும் நிற்கவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். “ஒரிஜினல் யாராண்ட கீதுன்னு கேட்டா, எங்ககிட்டதான் கீதுன்னு சொல்லணும். காலேஜ்ல வெச்சிருக்கக் கூடாதுன்னு ரூல்ஸ். புரியுதா?”

புரிகிறது என்றோம்.

இன்ஸ்பெக்ஷன் நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் லேபுக்கும் ஒர்க்ஷாப்புக்கும் மட்டும்தான் ஓடியது, ஹாலுக்கு இல்லை. கமிட்டியில் இருந்த பெரியவருக்கு வேர்த்துக் கொட்டியது. “வெளிய உக்காந்து பாக்கறேன்” என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராண்டாவுக்கு வந்துவிட்டார். பாபுவுக்கு எதிரிலேயே போட்டார்.

பாபு அட்டைப் பெட்டியைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

என் முறை முடிந்தது. ஃபைலோடு நின்றேன். பாபு கண்ணால் ஜாடை காட்டி, “மாஸ்டர், அத அப்பறம் பாத்துக்கலாம். நீ போய் லேத்த போடு” என்றார். அடுத்தது மகேஸ்வரி மேடம்.

பெரியவர் ஒவ்வொரு பேப்பராகப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இதெல்லாம் உங்க கஸ்டடியிலதானே இருக்கு?”

மேடம், பெரியவர் பக்கத்தில் நின்ற கரஸ்பாண்டண்ட்டைப் பார்த்தார். “ஆமா சார். எங்ககிட்டதான் இருக்கு.”

“எங்க காலேஜ்ல வாங்கி வைக்கிற பயக்கமே கெடையாது சார்” என்றார் கரஸ்பாண்டண்ட்.

“குட்” என்றார் பெரியவர். டீ கேட்டார்.

மேடம் ஃபைலைத் தன் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்தார். பாபு பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கை நீட்ட முடியுமா? மேடம் படி இறங்கிப் போனார்.

மற்றவர்கள் பார்த்து முடித்த ஃபைலைப் பிடித்துக்கொண்டு வராண்டாவிலேயே நின்றார்கள். நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பழக்கம். என்னிடம் இருபது வருடம் கழித்துக் கேட்டாலும் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன். அத்தனை பேரும் படித்தவர்கள். கையில் அவர்கள் படிப்பு. திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் வருவார் என்று காத்திருந்தார்கள்.

நான் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ஷட்டருக்கு வெளியே தண்ணீர் டேங்க் நிழலில் அந்த வேன் நின்றது. மதியம் வேறு கல்லூரியில் இன்ஸ்பெக்ஷன். வாடகைப் புரொபசர்கள் அங்கேயும் நிற்க வேண்டும். ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். மேடம் வேன் கதவுப் பக்கம் நின்றிருந்தார். மெயின் கேட்டில் அவுட் பாஸ் இல்லாமல் விட மாட்டார்கள். வேனை நிறுத்த மாட்டார்கள்.

டிரைவர் பாபுவுக்குச் சொந்தக்காரன். என்னைக் கூப்பிட்டான்.

“மாஸ்டர், இந்தம்மா நம்ம பார்ட்டியா? காலைல வரசொல்ல பாக்கலியே?”

மேடம் என்னைப் பார்த்தார். அவருக்கும் என்மேல் சந்தேகம்தான். அந்தப் பார்வையில் தெரிந்தது. இவன் ஆபீஸ் ஆளா, இல்லையா என்று. அவர்மேல் எனக்கு இருந்த சந்தேகம் அப்போதுதான் போனது. சோதிக்க வந்தவள் முகம் அப்படி வெளுக்காது.

“கையில சர்டிபிகேட்டோட நிக்கிறாங்க, பாத்தா தெரியல? அடுத்த காலேஜ்ல இவங்களுந்தான். ஏத்திக்கோ” என்றேன்.

“மின்னாடியே சொல்றதில்ல? ஏறு மேடம், டைம் ஆவுது.”

உள்ளே இருந்த ஒரு புரொபசர் தன் பெட்டியை நகர்த்தி இடம் கொடுத்தார். “நீ எந்தக் காலேஜ்மா?”

“எந்தக் காலேஜ்னு கேட்டா என்ன சார் சொல்ல?”

அவர் தலையாட்டினார். அவர் நிலைமையும் அதுதான்.

வேன் போய்விட்டது. நான் உள்ளே போய் லேத்தைப் போட்டேன்.

விசாரணை

கமிட்டி போனதும் கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டண்ட் மேஜைமேல் எல்லார் ஃபைலும் இருந்தது, மேடமுடையதையும் என்னுடையதையும் தவிர.

“கேட்ல என்ட்ரி இல்ல. செவுரு ஏறி குதிச்சாளா? நீ பாக்கல?”

“மெஷின் போட்டுகினு இருந்தேன் சார்.”

“உன்து எங்க?”

கொடுத்தேன். ஒவ்வொரு பேப்பராகப் புரட்டிப் பார்த்து வைத்துக்கொண்டார். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

“போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடு” என்று பாபுவிடம் சொன்னார்.

பாபு தலையைச் சொறிந்தார். “இன்னான்னு குடுக்கிறது சார்? அவங்க சர்டிபிகேட்ட அவங்களே எடுத்துகினு பூட்டாங்கன்னா?”

கரஸ்பாண்டண்ட் அவரைப் பார்த்த பார்வையில் நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸுக்குப் போன் வந்தது. எனக்கு என்றார்கள். பாபு ரிசீவரைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். “உன் தங்கச்சியாம்” என்றார். எனக்குத் தங்கச்சி கிடையாது.

“அண்ணே, கெடச்சிருச்சு. கேட்ட எடமே கெடச்சிருச்சு.”

“சரிம்மா. ஒடம்ப பாத்துக்க” என்று வைத்துவிட்டேன்.

“இன்னா மாஸ்டர் விசேஷம்?”

“கொயந்த பொறந்துகீது.”

“ஆணா, பொண்ணா?”

“பொண்ணு.”

“மகாலட்சுமி! ஸ்வீட் எங்க?”

காண்டீனுக்குக் கூட்டிப் போய் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு தின்றார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு

அந்த வருடமே கல்லூரிக்கு எம்.இ. கிடைத்தது. லாரியில் வந்த மெஷின் லாரியில் போனது. பெயர்ப் பலகைகள் மட்டும் கதவில் இருந்தன. முதல் பேட்ச்சில் சேர்ந்தவர்கள் பாதிப் பேர் பி.இ. முடித்து வேலை கிடைக்காதவர்கள். ஒரு பையன் பூட்டிய ரூமைக் காட்டி, “இந்த சார் எப்ப சார் வருவாரு?” என்று கேட்டான். கமிட்டி வரும்போது வருவார் என்றேன். அவன் ஜோக் என்று நினைத்தான்.

மேல்படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் பத்தாவது. ஆனால் படிக்கிற இடத்தைப் பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரகடம் வரைக்கும் கம்பெனி வந்தது, கல்லூரியும் வந்தது. கட்டடம் உயர்ந்தால் படிப்பும் உயரும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. சொல்லிக்கொடுக்கிறவர் இன்னும் படிக்க ஆசைப்படுகிறாரா, அவரைப் படிக்க விடுகிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். படிக்கப் போகிறவரைப் பிடித்து வைக்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு நாளைக்கு என்ன கிடைக்கும்? நாளைக்குச் சொல்லுகிறேன் என்கிற பதில்தான் கிடைக்கும்.

ஆகவே லெக்சரர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். ஒரிஜினலைக் கேட்டால் காட்டுங்கள். கொடுக்காதீர்கள். எலி கடித்தால் கடிக்கட்டும்.

மகேஸ்வரி மேடம் எம்.இ. முடித்தார். அது அவரே போனில் சொன்னது. பிறகு பி.எச்டி.யும் சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. அதைச் சொன்னவர் பாபு. அதனால் பாதிதான் நம்புகிறேன்.