சோத்தாங்கைப் பக்கம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், கோரமங்களாவில் இருந்த எங்கள் அலுவலக வாசலில் காவலாளி என் பையைத் திறந்து பார்த்தார். அதிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார். உள்ளே இஸ்பீட், அதாவது சீட்டு, ஆடக்கூடாது என்று கன்னடத்தில் கண்டித்தார். எனக்கு அப்போது தெரிந்த கன்னடம் ஏழெட்டுச் சொல். “கெலசா, கெலசா” என்றேன், வேலை, வேலை என்று. காலை ஒன்பது மணிக்கு வந்து சீட்டாடுவதுதான் தன் வேலை என்று சொல்பவனை அவர் என்னவென்று நினைத்திருப்பார்? இந்த ஊர்க்காரனாகத் தெரியவில்லை என்பது மட்டும் அவருக்கு விளங்கியிருக்கும். ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. இரண்டாம் மாடியில் நான்கு பேர் ஆளுக்கொரு கைபேசியுடன் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சம்பளமும் உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. பொத்தான் வைத்த கைபேசிகளின் காலம். தீப்பெட்டி அளவுத் திரையில் கேரம், லூடோ, ரம்மி என்று செய்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஒரே அறையில் இருக்கும் நான்கு கைபேசிகளைப் புளூடூத்தால் இணைத்து நான்கு பேரும் ஒரே ஆட்டத்தை ஆடலாம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் என் அப்பா “கம்ப்யூட்டர்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் ஜோலார்பேட்டையில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் சீட்டாடியே சம்பளத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்துப் பார்த்து, அவருக்குச் சீட்டு என்ற வார்த்தை வாயில் வராது.

ஆனால் அவரும் ஆடுவார். காசு வைக்காமல், முந்நூற்று நாலு மட்டும். நான்கு பேர் ஆட்டம். எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஜாக்கிதான் பெரிய சீட்டு. டியூட்டி மாறும் நேரத்தில் யார் வீட்டு வாசலிலாவது பாய் விரிப்பார்கள். ஆள் குறைந்தால் என்னை உட்கார வைப்பார்கள். சீட்டைப் போடுகிறவர் தன் வலப்பக்கம் இருப்பவருக்கு முதலில் போடுவார். அவர் இறக்கியதும் அவருக்கு வலப்பக்கத்து ஆள் இறக்குவார். எங்கள் பக்கத்துப் பேச்சில், சோத்தாங்கைப் பக்கம். இதை யாரும் எனக்கு விதியென்று சொன்னதில்லை. சோறு எந்தக் கையால் சாப்பிடுவது என்று யாராவது வகுப்பெடுக்கிறார்களா என்ன?

ஐரோப்பிய நிறுவனம் ஒன்று, இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் போட ‘உள்ளூர்ச் சீட்டாட்டம்’ ஒன்று வேண்டும் என்று கேட்டது. முந்நூற்று நாலு தெரிந்தவன் என்று அதை என்னிடம் கொடுத்தார்கள். என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. இந்த ஆட்டம் நன்றாக வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் ஜோலார்பேட்டைக்கு வண்டி என்று என் குழுத் தலைவர் கிரீஷ் சிரித்துக்கொண்டே சொன்னார். மைசூர்க்காரர். நல்ல மனிதர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். டிராயரில் பூட்டிய என் சீட்டுக்கட்டைக் காவலாளியிடம் பேசி மீட்டுத் தந்தவரும் அவரே. ஒருநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் அந்தக் கட்டைப் பிரித்து, தன் வீட்டில் இப்படித்தான் ஆடுவார்கள் என்று எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அவர் கையும் வலப்பக்கமே போனது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். இன்றைக்கும் என் கோபத்துக்கு அதுவே காரணம்.

ஆட்டம் தயாரானதும் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு நான்கு கைபேசிகளை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருந்த நீலசந்திராவுக்குக் கொண்டுபோனேன். கீழ்வீட்டு செல்வராஜ் அண்ணன் பெயிண்டர். அவர் தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் வரும் அவருக்கு. இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவரும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் பொத்தானை அமுக்கப் பழக ஒரு சுற்று ஆனது. அதற்கப்புறம் என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை. சத்தம் போட்டார்கள், ஜோடியைத் திட்டினார்கள், டீ ஆறிப்போனது. “இது நம்ம ஆட்டம்பா. செஞ்சவன் ஆடுனவன்” என்றார் அண்ணன். அதற்கு மேல் ஒரு பாராட்டு எனக்கு இந்த ஊரில் கிடைத்ததில்லை.

பத்து நாளில் அந்த ஐரோப்பிய நிறுவனத்திடமிருந்து பிழைப் பட்டியல் வந்தது. அதில் முதல் பிழை, மிகக் கடுமையானது என்று சிவப்பில் குறித்திருந்தார்கள்: ஆட்டம் தலைகீழாகச் சுற்றுகிறது. கடிகார முள் போகும் திசையில், இடப்பக்கமாகப் போக வேண்டும். இது எதிர்த்திசையில் போகிறது. மற்ற பிழைகளின் மேல் என் கண் போகவே இல்லை. உள்ளூர் ஆட்டம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு உள்ளூர்க்காரன் கை போகும் பக்கம் பிழையாம்! எங்கள் ஊர்ப் பெயர் வேண்டும், ஜாக்கிக்கு மீசை வேண்டும், பின்னணியில் தபேலா வேண்டும். ஆட்டம் மட்டும் அவர்கள் ஊர் ஆட்டமாக இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் போனைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வராது. எங்கள் பக்கத்தில் வலது பக்கம் என்று மூன்று முறை சொன்னேன். அந்தப் பக்கத்துக் குரல் பொறுமையாக, திரையில் வலது பக்கமா, மேசையில் வலது பக்கமா என்று கேட்டது. நான் இரண்டும் ஒன்றுதானே என்றேன். அவர்களுக்கு அது புரியவில்லை. அவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் அந்தக் குரல் கிரீஷைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் ஊரில் உண்மையிலேயே இப்படித்தான் ஆடுவீர்களா என்று கேட்டது. இப்போதாவது தீர்ந்தது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிரீஷ் என்னைப் பார்க்கவில்லை. இது எங்கள் பையனின் தவறு, நாளைக்குச் சரிசெய்துவிடுவோம் என்றார்.

வெளியே வந்ததும் வராண்டாவில் அவரை மறித்தேன். அன்று சாப்பாட்டு மேசையில் நீங்கள் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“பிடு குரு. நமகெல்லா கொத்து, அவரிகெ கொத்தில்ல. சும்னெ யாக்கெ?” என்று என் தோளில் தட்டினார்.

விடு, நமக்கெல்லாம் தெரியும், அவர்களுக்குத் தெரியாது, எதற்கு வீண் வம்பு. இந்தச் சொற்கள் அவ்வளவும் எனக்கு அன்றைக்கே புரிந்தன. தெரியாமல் மறுத்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்துகொண்டே தெரியாதவன் பக்கம் சாய்ந்தவரை எப்படி மன்னிப்பது? அந்த ‘நமகெல்லா’வில் என்னையும் சேர்த்துக்கொண்டாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரிதாகக் கோபப்பட்டு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். என் இருக்கைக்குப் போய் மாற்றினேன். இடப்பக்கமாக எண்ணிக்கொண்டு போனால் வலப்பக்கத்து ஆள் மூன்றாவதாக வருவார் என்பதால், அடுத்த ஆள் யார் என்று கணக்கிடும் வரியில் மூன்று என்று இருந்தது. அதை அழித்து ஒன்று என்று அடித்தேன். அவ்வளவே வேலை. பிறகு பிழைப் பட்டியலில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ‘எழுதியவரின் அறியாமை’ என்று எழுதி என் பெயரைப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அடுத்த வாரம் நிரந்தரக் கடிதம் வந்தது. அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் தன் டியூட்டி அறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாராம்.

கைபேசிகளைத் திருப்பிக் கொடுக்குமுன், புது ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று செல்வராஜ் அண்ணனே கேட்டார். மறுக்க வாய் வரவில்லை. முதல் சுற்று பாதி போவதற்குள் அவர் கைபேசியைப் பாயில் வைத்துவிட்டார்.

“இன்னாப்பா இது, பீச்சாங்கைப் பக்கமா சுத்துது? யாரு மாத்துனது?”

“கம்பெனிலண்ணா” என்றேன்.

“ஆடத் தெரியாத பசங்க” என்று சொல்லி, எழுந்துபோய் அலமாரியிலிருந்து அழுக்கேறிய தாள் சீட்டுக்கட்டை எடுத்து வந்தார். அவர் திட்டியது என்னை என்று அவருக்குத் தெரியாது. நானும் ஒரு கை ஆடினேன். அன்றைக்கு என் ஜோடி தோற்றது.

அதற்கப்புறம் நான்கு வருடம் அதே மேசையில் இப்படி எத்தனையோ ஆட்டங்களைச் செய்தேன். எல்லாம் இடப்பக்கமே சுற்றின. ஒரு நாளைக்கு நூறு கை ஆடிச் சோதிக்கிறவனுக்கு எது பழகும்? அலுவலகத்தில் நான் அபூர்வமாகத் தாள் சீட்டைப் பிடித்தால், என் பழைய பிழையைச் சொல்லி, “வலதா, இடதா?” என்று கிரீஷ் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

போன பொங்கலுக்கு ஜோலார்பேட்டை போயிருந்தேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பழைய கூட்டாளிகள் இருவர் வந்திருந்தார்கள். நான்காவது ஆள் இல்லாததால் என்னை உட்கார வைத்து, சீட்டைக் கலைத்துப் போடச் சொன்னார்கள். கலைத்து, வெட்டக் கொடுத்து, முதல் சீட்டைப் போட்டேன். அது போய் விழுந்தது என் இடப்பக்கத்து மாமாவின் முன்னால். மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

“கையி மாறிப்போச்சாடா?” என்றார் அப்பா. திட்டவில்லை, கேட்டார்.

அந்தச் சீட்டைத் திருப்பி எடுத்துக் கட்டில் வைத்தேன். மறுபடி கலைத்தேன். இந்த முறை சரியாகப் போட வேண்டும் என்று, பள்ளிப் பிள்ளை போல எது என் சோத்தாங்கை என்று மனதுக்குள் யோசித்தேன். சீட்டு கையில் இருக்கிறது, மூன்று பேர் காத்திருக்கிறார்கள், கை நகரவில்லை.