ஓட்டுநரின் பழைய தொப்பி

சலவைக்கடைக்காரருக்கு மாமியார் வீட்டில் வைத்த பெயர் இஞ்சின். வாரம் முழுக்கக் கடையில் நீராவி இஸ்திரியோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளிலும் நீராவி ரயிலைப் பார்க்க ஓடுகிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? எப்போதோ மூடிப்போன ரயில்பாதை ஒன்றை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து காப்பாற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் கரி இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் அங்கே போகாத ஞாயிறு குறைவு.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படுவதற்கு முன்னால் ஓட்டுநர் தன் பழைய தொப்பியைப் பயணிகளில் யாராவது ஒருவருக்குக் கொடுப்பார். விசில் ஊதும்போது தொப்பியோடு வந்து நிற்கிற ஆள் இஞ்சினிலேயே ஏறிப் போகலாம். சலவைக்கடைக்காரருக்கு இந்த ஜென்மத்தில் வேண்டியதெல்லாம் அந்தத் தொப்பிதான். ஆனால் வாயைத் திறந்து கேட்க மாட்டார். "இத்தனை வருஷமா வர்றேன், அந்த ஆளுக்கே தெரிய வேண்டாமா?" என்பார் மனைவியிடம். மகா ரோஷக்காரர்! தொப்பி என்னவோ நேற்று வந்தவன் தலைக்கெல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தது.

இந்த ஞாயிறு கூடவே சகலையும் ஒட்டிக்கொண்டான். மனைவியின் தங்கை புருஷன். கட்டில் மெத்தைக் கடையில் விற்பனையாள். வழி கேட்க வந்தவன் தலையிலும் ஒரு மெத்தையைக் கட்டிவிடுவான், அப்படி வாய். அவன் அந்தக் குடும்பத்துக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்தே இவருக்கு வயிற்றெரிச்சல். இவர் வாங்கிக் கொடுத்த மின்விசிறியை மாமியார் "வைங்க மாப்பிள்ளை" என்றதோடு சரி. அவன் சொன்ன ஒரு மொக்கை ஜோக்கை மட்டும் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எரியாமல் என்ன செய்யும்?

பஸ்ஸில் சகலை கேட்டான். "அண்ணே, எந்தப் பெட்டியில உக்காரணும்?"

பேசக் கூடாது என்றுதான் இருந்தார். ரயில் என்றதும் நாக்கு கேட்கவில்லை. "முதல் பெட்டிதான். அங்கதான் இஞ்சின் மூச்சு விடுறது காதுல விழும். மத்த பெட்டியில உக்காந்து போறதுக்கு இந்த பஸ்லயே போயிடலாம்."

ஸ்டேஷனில் சகலையை நிற்கச் சொல்லிவிட்டு டிக்கெட் வரிசைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அவன் இஞ்சினடியில் நின்று ஓட்டுநரோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறான். ஓட்டுநர் சிரிக்கிறார். உள்ளே கையை நீட்டித் தொப்பியை எடுக்கிறார். சகலையின் கையில் கொடுக்கிறார்.

அடப்பாவி! கரியை எங்கே போடுவார்கள் என்றுகூடத் தெரியாத பயல்! சலவைக்கடைக்காரருக்குக் காதோரம் சூடேறியது. முதல் பெட்டியைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து கடைசிப் பெட்டியில் ஏறினார். மூலையில் உட்கார்ந்து ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்.

இடுக்கு வழியாகப் பார்த்தார். சகலை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் பெட்டி ஜன்னல்களில் எட்டி எட்டிப் பார்த்தான். "அண்ணே! அண்ணே!" விசில் ஊதியது. அடுத்த பெட்டிக்கு ஓடி வந்தான். 'காட்டி வெறுப்பேத்தத்தானே வர்றே? வா, வா' என்று கறுவிக்கொண்டு தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். மறுபடியும் விசில். வண்டி நகர்ந்தது. தொப்பியோடு சகலை பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டான். நல்லா வேணும் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசி ஸ்டேஷனில் ஓட்டுநர் கையைத் துடைத்துக்கொண்டே அவரிடம் வந்தார்.

"சலவைக்கடை நடத்துறவர் நீங்கதானே? கட்டம் போட்ட சட்டை, கழுத்துல கேமரா. உங்க சகலை சொன்ன அடையாளம் அப்படியே இருக்கு. எங்கங்க போனீங்க? உங்களுக்காக ரெண்டாவது விசில்கூடக் கொடுத்தேனே!"

"எனக்காகவா?"

"எங்கண்ணன் வாய் விட்டுக் கேக்க மாட்டாரு, அவருக்காக நான் கேக்குறேன்னு அந்த மனுஷன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டுப் போனாரே."

"திரும்பிப் போறப்ப ஏறலாமா?" வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேவிட்டார்.

"திரும்புறப்ப இஞ்சின் பின்பக்கமா ஓடும். யாரையும் ஏத்துறதில்லைங்க."

வண்டி புறப்பட்ட ஸ்டேஷனுக்கே திரும்பியபோது சகலை பிளாட்பாரத்து பெஞ்சில் காத்திருந்தான். கோபமே இல்லை. "முதல் பெட்டியிலதானே இருப்பீங்கன்னு அங்கயே தேடிட்டு இருந்துட்டேன், அண்ணே."

"கூட்டமா இருந்துச்சு. பின்னால போயிட்டேன்."

முழுப் பொய். சகலை அப்படியே நம்பினான். "சே, என் தப்புதான். முதல்லயே எல்லாப் பெட்டியிலயும் பாத்திருக்கணும்" என்று வருத்தப்பட்டான். தொப்பியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அவர் தலையில் ஒரு தடவை வைத்துப் பார்த்தான். "அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு, அண்ணே!"

பஸ்ஸில் சகலை அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். தட்டிவிட மனசு வரவில்லை. அதுவே அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. தொப்பி போனால் போகிறது, அது அவரே கெடுத்துக்கொண்டது. நல்லவன் என்கிற பேரையும் இந்தப் பயலே தட்டிக்கொண்டு போய்விட்டானே! இனி இவனை நிம்மதியாகத் திட்டக்கூட முடியாதே! காலையில் எரிந்ததைவிட வயிறு இப்போதுதான் அதிகமாக எரிந்தது.