பாதர் கிரவுண்டில் உருண்டு வந்த பந்து

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் ஒரு ஐப்பசி மாதப் பிற்பகலில் கொடைக்கானலில் ஜீப் பிடித்து, மன்னவனூர் தாண்டி, கிளாவரைப் பாதையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நடந்தது நடந்ததுதான். அதுவும் விக்னேஷுக்கு நடந்தது. அவன் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. பேயை விடுங்கள், உலகத்தில் எதையுமே ஒரு பொருட்டாக மதிக்கிற ஆள் இல்லை.

அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஊர் ஊராகப் போய் விளையாட்டு மைதானங்களைப் பார்ப்பான். படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டு, மைதானத்துக்கும் சுற்றி இருக்கிற சுற்றுலா இடங்களுக்கும் நட்சத்திரம் கொடுப்பான். ஐந்துக்கு ஐந்து எதற்கும் கொடுத்ததில்லை. ஒரு ஊரில் நாற்காலி சரியில்லை. இன்னொரு ஊரில் கழிப்பறை சரியில்லை. மூன்றாவது ஊரில் எல்லாம் சரி, ஆனால் பின்னால் தெரிகிற மலை கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது.

கொடைக்கானலுக்கு மனைவி ஷர்மிளாவுடன் கல்யாண நாளுக்காக வந்திருந்தான். தூண் பாறையைப் பார்த்துவிட்டு, கல்லைப் பார்க்க இவ்வளவு கூட்டமா என்றான். ஏரியில் படகு மிதித்தவர்களைப் பார்த்து, காசு கொடுத்துக் கால்வலி வாங்குகிறார்கள் என்றான். பைன் காட்டில் மரங்களுக்கு நடுவே கை விரித்து நின்ற புது ஜோடிகளைப் பார்த்து அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஷர்மிளா ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவளுக்கும் நட்சத்திரம் குறையும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜீப் ஓட்டிய பவுல்ராஜ், மன்னவனூர், கிளாவரை எல்லாம் இருக்கிற மேல்மலைப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். மேல்மலையில் ஒரு பழைய ஃபுட்பால் கிரவுண்டு இருக்கிறதாமே என்று விக்னேஷ் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பாதர் கிரவுண்டு என்று அங்கே சொல்வார்கள். எப்போதோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் மலையைச் சமன்படுத்திப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக உண்டாக்கியது. பள்ளிக்கூடம் போய்விட்டது. கிரவுண்டு மட்டும் கிடக்கிறது. இன்றைக்கு வேண்டாம், வெயில் அடிக்கிற நாளில் போகலாம் என்றார். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறோம் என்றான் விக்னேஷ்.  பவுல்ராஜ் மறு பேச்சில்லாமல் வண்டியை எடுத்தார்.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. மேகம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஷர்மிளா குளிருகிறது என்று பின் சீட்டிலேயே இருந்துவிட்டாள்.

"சார், மிஸ்டு எறங்கிருச்சு. வெரசா பாத்துட்டு வந்துருங்க. உள்ள ஏதும் பந்து கிந்து உருண்டு வந்துச்சுன்னா..."

"பந்து பார்க்காதவன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு விக்னேஷ் நடந்தான்.

கிரவுண்டு என்பதே மரியாதைக்குச் சொன்ன பேர். முழங்கால் உயரப் புல். ஒரு பக்கம் ரெண்டு மரக் கம்பம், குறுக்குக் கம்பம் இல்லை. எருமை மேய்ந்த அடையாளம் இருந்தது. ஒரு நட்சத்திரம் கூட அதிகம் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டப்.

பந்தை உதைக்கிற சத்தம். நடுவில் எங்கேயோ. தொடர்ந்து ஓடுகிற காலடிகள். விசில் ஒன்று நீளமாக ஊதி நின்றது. மேகத்துக்குள் ஆட்டம் நடக்கிறது. ஆனால் ஒருவர் கூடக் கத்தவில்லை. 'பாஸ் பண்ணு' இல்லை, கைதட்டல் இல்லை, திட்டு இல்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். நீல ஸ்வெட்டர், ஏரிக்கரையில் விற்கிற குரங்குக் குல்லா. டூரிஸ்ட் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஏனுங்க, சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். திருப்பூர்ப் பக்கத்துப் பேச்சு. "நானும் அப்பிடித்தானுங்க வந்தேன்."

விக்னேஷுக்குச் சிரிப்பு வந்தது. தொப்பை வைத்த மனிதர். பேன்ட் முழங்கால் வரை சேறு. ஊரான் வீட்டு ஆட்டத்தில் கோல் காக்கும் கோலியாக நிற்கிறார். ஆட்டம் எப்போது முடியும் என்று ஒப்புக்குக் கேட்டான்.

"முடியவே மாட்டேங்குதுங்க" என்றார் அவர். "வண்டில என்ற சம்சாரம் இருக்கா. முடிஞ்சதும் வந்தர்றேன்னு சொல்லிப்போடுங்க."

வெளியே நின்றது ஒரே ஒரு ஜீப். அதைச் சொல்லக்கூட விக்னேஷுக்கு அலுப்பாக இருந்தது.

டப்...

பந்து மேகத்துக்குள்ளிருந்து உருண்டு வந்தது. புல்லில் சரசரவென்று நெளிந்து, அவன் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பழைய தோல் பந்து. தையல் பிரிந்து, கறுத்து, ஈரம் சொட்டியது.

காலடிகள் நின்றன.

விசில் இல்லை. காற்று இல்லை.

மேகத்துக்குள் அவர்கள் நிற்பது தெரிந்தது. பெரியவர்கள், சிறியவர்கள்... கலந்து நின்றார்கள். முகம் தெரியவில்லை. எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்தபடி.

காத்திருந்தார்கள்.

கோலியாக நின்றவர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார். 

விக்னேஷின் வலது கால் தானாகப் பின்னால் போனது. அவன் போகச் சொல்லவில்லை. ஆனாலும் போனது. சத்தியமாகப் போனது என்று இன்றைக்கும் சொல்கிறான்.

அப்போது அவன் தன் ஷூவைப் பார்த்தான். வெள்ளை ஷூ. புதுசு. இந்தச் சாக்கடைப் பந்தையா?

'தூ' என்று பக்கத்தில் துப்பினான். காலை இழுத்துக்கொண்டான். திரும்பி நடந்தான்.

பின்னால் சத்தமே இல்லை.

பத்தடி போனதும்...

காலடிகள்.

ஒன்றல்ல.

ஓடினான். ஜீப்பின் முன் கதவைத் திறந்து ஏறி அறைந்து சாத்தினான். உடனே பின்னாலும் ஒரு கதவு சாத்துகிற சத்தம். ஷர்மிளா கதவைச் சரியாக அடைக்கிறாள் என்று நினைத்தான். பவுல்ராஜ் வண்டியைக் கிளப்பினார்.

திரும்பும் வழியில் கவுஞ்சி ஊர் வரும்போது மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பழைய வாயும் வந்தது. அங்கே ஒரு பைத்தியம் கோலியாக நிற்கிறது, நாறுகிற பந்தை வேறு நான் உதைக்க வேண்டுமாம் என்று சிரித்தான்.

பவுல்ராஜ் அவன் காலைப் பார்த்தார். "ஒதச்சீங்களா?"

"நான் ஏன் உதைக்கிறேன்?"

"நல்லது சார். நாலு வருசத்துக்கு முன்னாடி திருப்பூர்ல இருந்து சிவமுருகன்னு ஒருத்தரு, சம்சாரத்தோட இந்த வண்டியிலதான் வந்தாரு. பந்து வந்துச்சு. பாவம், நல்ல மனுசன். காலடியில பந்து வந்தா நல்ல மனுசன் திருப்பித்தான ஒதைப்பான். ஒதச்சாரு. ஆட்டத்துக்குள்ள போயிட்டாரு."

போலீஸும் வனத்துறையும் எட்டு நாள் தேடினார்கள். குல்லா கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து யார் பாதர் கிரவுண்டுக்குக் கூப்பிட்டாலும், பயந்து பயந்தாவது பவுல்ராஜ் போகிறார். விட்டுவிட்டு வந்த ஆளை ஒரு நாள் கூட்டி வந்துவிட முடியாதா என்ற நப்பாசைதான். அதை அவரே சொன்னார்.

பின்னாலிருந்து ஷர்மிளா மெதுவாகக் கேட்டாள். "அப்ப நடுவுல ஜீப்புக்கு வந்தது யாரு?"

விக்னேஷ் வரவே இல்லை. ஆனால் மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆள் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் வந்து நின்றதாகச் சொன்னாள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. புருஷன் என்றே நினைத்தாளாம். 'கொஞ்சம் பொறு கண்ணு, முடியப் போவுது' என்றாராம். அவளை யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அதனாலேயே அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

"நீங்க என்ன சொன்னீங்கம்மா?" பவுல்ராஜ் வண்டியை நிறுத்திவிட்டார்.

"போதும், வந்து ஏறுங்கன்னேன்."

இஞ்சின் உறுமியது. 

"பின் கதவ நீங்களா சாத்துனீங்க?"

"இல்ல."

பவுல்ராஜ் கையை நீட்டி, பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார். ஷர்மிளாவை இறங்கி முன்னால் வரச் சொன்னார். மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கொடைக்கானல் வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விக்னேஷின் பிடரியில் மட்டும் ஈரமான குளிர் அடித்துக்கொண்டே இருந்தது. சேற்று வாடை.

ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டு, வாடகை கூட வாங்காமல் பவுல்ராஜ் போய்விட்டார். அதைக் கொடுக்கத்தான் மறுநாள் விக்னேஷ் போன் செய்தான். அவர் திருப்பூரில் இருந்தார். முந்தின சாயங்காலமே காலி ஜீப்பை எடுத்துக்கொண்டு பழனி சாலையில் இறங்கியிருக்கிறார். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. டீ கூடக் குடிக்கவில்லை.

பேயை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போனீங்களா என்று விக்னேஷ் கேலி செய்யப் பார்த்தான்.  பிறகு, சிவமுருகன் வீட்டு அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டான்.

"நான் ஒண்ணும் சொல்லல சார். ஹாரன் கூட அடிக்கல. வாசல்ல நிறுத்துனேன். அந்தம்மா அவங்களா வெளிய வந்து பின் கதவத் தெறந்தாங்க."

பவுல்ராஜ் தொடர்ந்தார்.

"தெறந்துட்டு, 'ஏனுங்க, இத்தன நேரமா வெளையாடுவீங்க?'ன்னாங்க."