பழைய பெட்டிக்கும் புரியவேண்டும்

திண்டிவனத்தில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் பராமரிப்பது ஒரு புரோட்டோகால். கிணற்று மோட்டாரைத் தூரத்திலிருந்தே போடவும் நிறுத்தவும் மாட்டிய பெட்டியும் விவசாயியின் கைப்பேசியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதிகள், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பெட்டி செய்யலாம், திருத்தமும் சொல்லலாம். விழுப்புரத்தில் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணனும் நானும் தொடங்கியது. முதல் பெட்டிகளை அவர்தான் செய்து ஊர் ஊராக மாட்டினார். சில ஆண்டுகளில் முகம் தெரியாதவர்கள் வெளிநாடுகளிலும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆனால் எந்தத் திருத்தத்தை ஏற்பது என்ற அதிகாரம் என் ஒருத்தியிடமே இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒருமுறை ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் வரிசை எண் சேர்த்துப் புதிய பதிப்பு வெளியிட்டேன். கைப்பேசிகள் தாமாகவே அதற்கு மாறின. புதிய பெட்டிகளில் நன்றாக ஓடியது. பழைய பெட்டிகளுக்கு அந்த எண் புரியாது, செய்தியையே தள்ளிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒலக்கூர் பக்கத்தில் ஓர் அக்கா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். பிடுங்குவதற்கு மண் இளகட்டும் என்று காலையில் மோட்டாரைக் கையால் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், அங்கிருந்து கைப்பேசியில் நிறுத்தும் பட்டனை அமுக்கினார். அவருடையது பழைய பெட்டி, மோட்டார் நிற்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தபோது மல்லாட்டைக் கொல்லை முழுவதும் குளமாகியிருந்தது.

அண்ணன் சேதி சொன்னதும் முதல் வேலையாகப் புதிய பதிப்பைத் திரும்பப் பெற்றேன். மறுநாள் விடிந்ததும் ஒலக்கூருக்குப் போனேன்.

“அக்கா, தப்பு என்னோடதுதான். நான்தான் மாத்தினேன்.”

அவர் கத்தவில்லை. “நீ அங்க மாத்திக்கினு இருக்கறது இங்க எனக்கு எப்டிம்மா தெரியும்? நான் எப்பவும் அமுக்கற பட்டனத்தான அமுக்கனேன்?”

வரப்பை வெட்டி நீரை வடியவிட்டோம். முற்றிய காய் ஈரத்தில் கிடந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அடுத்த மூன்று நாளும் அவரோடு சேற்றில் நின்று செடி பிடுங்கினேன். பாதிக்கு மேல் தேறியது. கடைசி நாள் பிடுங்கியவற்றில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

வீடு திரும்பி, நடந்ததைப் புரோட்டோகாலைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் எழுதினேன். வெளிநாட்டில் இருந்த ஒருவர், வெகுநாளாகத் திருத்தங்கள் அனுப்பிவருபவர், பதில் எழுதினார்: “பழைய பெட்டிகளைக் கைவிடுவோம். அவற்றைச் சுமந்தால் ஒவ்வொரு வேலையும் தாமதமாகும்.” அதில் நியாயம் இருந்தது. “தாமதமாகட்டும்” என்று எழுதினேன்.

அண்ணனின் வண்டியில் திருவாமாத்தூர், அனந்தபுரம் என்று சுற்றினோம். பழைய பெட்டிகளில் வகைக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கி, பதிலுக்குப் புதியதை மாட்டிக் கொடுத்தோம். வாங்கிவந்தவற்றை, இனி வரும் திருத்தங்களைச் சோதித்துப் பார்க்க, அவர் கடைச் சுவரில் வரிசையாகப் பொருத்தினோம். விதிகளைத் திருத்தி எழுதினேன். இனிக் கைப்பேசி முதலில் “உனக்கு எந்தப் பதிப்பு தெரியும்?” என்று பெட்டியைக் கேட்கும், பதில் வராவிட்டால் பழைய முறையிலேயே பேசும். அதை முடிக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

என்னிடம் இருந்த அதிகாரத்தை அண்ணனுக்கும், என்னை மறுத்துப் பேசிய அந்த வெளிநாட்டுக்காரருக்கும் பகிர்ந்து கொடுத்தேன். தன் திருத்தத்தைத் தானே ஏற்கக்கூடாது, சுவரில் உள்ள எல்லாப் பெட்டியும் தேற வேண்டும் என்று சட்டமும் எழுதிவைத்தேன்.

சில மாதங்களில் அண்ணன் போன் செய்தார். “ஏம்மா, நீ அனுப்ச்ச திருத்தத்த தள்ளிட்டேன். அனந்தபுரத்துப் பெட்டி அப்டியே நின்னுபோச்சு.”

“சின்ன மாத்தம்தானே அண்ணே?”

“சின்னதோ பெருசோ, நீ எழுதன சட்டம்தான? ஜல்தியா பாத்து அனுப்பு, நான் கடையிலதான் இருக்கேன்.”

சுருக்கென்றது. ஆனாலும் அன்றே சரிசெய்து அனுப்பினேன். அதையும் தள்ளினார். மூன்றாவது முறைதான் ஏற்றுக்கொண்டார்.